ஒரே ஆண்டு, ஒரே எடை, இரண்டு விலை: பாட்டியின் இரு சவரன்கள்

என் பாட்டியின் காசுமாலையைப் பிரித்துப் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கிட்டபோது எனக்கு இரண்டு சவரன்கள் வந்தன. இரண்டும் 1918 ஆம் ஆண்டில் பம்பாயில் அச்சடிக்கப்பட்டவை. ஒன்று மாலையில் கோத்திருந்த காசு. அதன் தலைமாட்டில் வளையம் பற்றவைக்கப்பட்டிருந்தது. மற்றொன்று மாலைக்கு மிஞ்சிப்போய், பழந்துணியில் சுற்றப்பட்டு, ஒரு பித்தளைச் சிமிழுக்குள் பல்லாண்டுகள் கிடந்தது. வளையம் வைத்த காசைத் தெரிந்த பத்தர் ஒருவரிடம் கொடுத்து, வளையத்தை மட்டும் எடுத்துத் தரச் சொன்னேன். அவர் வளையத்தை நீக்கி, விளிம்பை அரத்தால் ராவி, நான் கேளாமலேயே மெருகும் போட்டுக் கொடுத்தார். காசு பளபளவென்று இருந்தது. எனக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது. சிமிழில் கிடந்த காசையும் அன்று எடுத்துச் சென்றிருந்தால் அதையும் மெருகு போடக் கொடுத்திருப்பேன். வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போன காரணத்தால்தான் அது தப்பியது.

சில ஆண்டுகள் கழித்துப் பழங்காசு வியாபாரி ஒருவரிடம் இரண்டையும் காட்டினேன். பளபளப்பான காசை அவர் கையில் எடுத்த வேகத்திலேயே தராசில் வைத்துவிட்டார். மங்கலாகத் தெரிந்த மற்றொன்றைத் தராசின் பக்கமே கொண்டுபோகாமல், ஜன்னலருகே சென்று, விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு, உருப்பெருக்கியின் வழியே நெடுநேரம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். முதற்காசுக்கு எடைக்கு எடை விலை சொன்னார். இரண்டாவதற்கு அதற்கு மேல் ஒரு தொகை சொன்னார். அந்தக் கூடுதல் தொகை பெரிதொன்றும் இல்லை. ஆனாலும் ஒரே தங்கம், ஒரே ஆண்டு, ஒரே நாணயச்சாலை என்று இருக்கும்போது விலை ஏன் பிரிகிறது என்ற கேள்வி என்னை விடவில்லை. தங்க நாணயங்களின் தரமதிப்பீட்டையும் சான்றளிப்பையும் பற்றி அன்று முதல் படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

சவரன் என்று நாம் நகைக்கடையில் சொல்வது 8 கிராம். அந்தச் சொல்லுக்கு மூலமான பிரிட்டிஷ் நாணயத்தின் எடை 7.988 கிராம்; 22 காரட் ஆதலால் அதிலுள்ள சுத்தத் தங்கம் 7.322 கிராம். இன்றைய வடிவில் அது 1817-இல் வெளிவந்தது. பூப்பக்கத்தில் குதிரை மீதமர்ந்து டிராகனைக் கொல்லும் செயின்ட் ஜார்ஜ் உருவத்தை வடித்தவர் பெனடெட்டோ பிஸ்ட்ருச்சி என்னும் இத்தாலியச் சிற்பி. 1899 முதல் 15 ரூபாய்க்கு ஈடாக இந்தியாவிலும் இது சட்டப்படி செல்லுபடியாயிற்று. லண்டனைத் தவிர சிட்னி, மெல்போர்ன், பெர்த், ஒட்டாவா, பிரிட்டோரியா ஆகிய ஊர்களிலும் அச்சடித்தார்கள். முதல் உலகப் போரின் நெருக்கடியில் பம்பாயிலும் ஒரு கிளை தொடங்கப்பட்டது. சவரன் அச்சடிக்கும் ஏற்பாடுகள் முடிவதற்கு முன் அதே எடையில் மொகர் என்னும் 15 ரூபாய் தங்க நாணயங்களை வெளியிட்டார்கள். பின்னர் 1918 என்ற ஒரே ஆண்டைத் தாங்கிய சவரன்களை ஏறத்தாழ 13 லட்சம் அச்சடித்தார்கள். குதிரையின் காலடியில் உள்ள தரைப்பகுதியில், ஆண்டுக்குச் சற்று மேலே, ஐ என்னும் மிகச்சிறிய ஆங்கில எழுத்து இருந்தால் அது பம்பாய்க் காசு. வீட்டில் பழைய சவரன் வைத்திருப்பவர்கள் ஒருமுறை கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், பார்ப்பதற்குச் செலவில்லை.

இப்படிப்பட்ட காசின் விலையில் தங்கத்தின் விலை ஒரு பங்கு. அந்த ஆண்டிலும் அந்த நாணயச்சாலையிலும் எத்தனை அச்சாயின, அவற்றில் எத்தனை உருக்காமல் எஞ்சின என்பது இன்னொரு பங்கு. எஞ்சியவற்றுள் இந்தக் குறிப்பிட்ட காசு எந்த நிலையில் இருக்கிறது என்பது மூன்றாவது. நம் ஊர் உரைகல்லும் ஹால்மார்க் முத்திரையும் முதற்பங்கைப் பற்றி மட்டுமே பேசும். மாற்று சரியாக இருந்துவிட்டால் காசும் சரியானது என்று நம் வீடுகளில் நினைப்பது வழக்கம். பழங்காசு விஷயத்தில் இந்த நினைப்பு ஆபத்தானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சவரனுக்குத் தங்க விலையைவிட அதிக விலை கிடைத்த காலத்தில், இத்தாலியிலும் லெபனானிலும் சவரன்களைப் போலியாக அச்சடித்தார்கள். அவற்றில் பலவற்றின் தங்கம் நல்ல தங்கமே. எடையும் ஏறக்குறையச் சரியாகவே இருக்கும். அவை உரைகல்லில் தேறிவிடும். பிரிட்டிஷ் நாணயச்சாலை 1957-இல் மீண்டும் சவரன் அச்சடிக்கத் தொடங்கியதற்கு இந்தப் போலிகளின் பெருக்கம் ஒரு காரணம்.

இதன் கூர்மை 1917 ஆம் ஆண்டு லண்டன் சவரனில் தெரியும். கணக்குப்படி பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவை அச்சாயின. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை போர்க்காலத்தில் வெளியே அனுப்பப்பட்டு உருக்கப்பட்டுவிட்டதால் இன்று கிடைப்பது அரிது. அதே 1917-இல் ஆஸ்திரேலிய நாணயச்சாலைகளில் அச்சான சவரன்களோ தாராளமாகக் கிடைக்கின்றன. ஆஸ்திரேலியக் காசில் இருக்கும் நாணயச்சாலையின் சிற்றெழுத்து லண்டன் காசில் இராது. அந்த ஓர் எழுத்து இருக்கிறதா இல்லையா என்பதில் விலை பல மடங்கு மாறும்போது போலி செய்பவர்கள் எங்கே கைவைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. காசைப் பரிசோதித்து அதன் உண்மையையும் நிலையையும் எழுதித் தரும் சான்றளிப்பு நிறுவனத்தின் முதற்சேவை, போலியைப் பிரித்துக் காட்டும் இதுதான் என்று நினைக்கிறேன். எழுபதில் எத்தனை மதிப்பெண் என்பதெல்லாம் அதற்கு அடுத்தது.

அந்த எழுபது எங்கிருந்து வந்தது என்பது சுவையான கதை. வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949-இல், 1793 முதல் 1814 வரை வெளியான பெரிய செம்புச் சென்ட் காசுகளுக்காக, 1 முதல் 70 வரையிலான ஓர் அளவுகோலை வகுத்தார். எந்தக் காசு என்று மட்டும் அடையாளம் தெரியும் அளவுக்குத் தேய்ந்ததற்கு 1. அச்சிலிருந்து விழுந்தபடியே குறையின்றி இருப்பதற்கு 70. 1 என்ற எண் பெற்ற காசு ஒரு டாலர் பெறுமானால் 70 என்ற எண் பெற்ற காசு எழுபது டாலர் பெறும் என்பது அவருடைய எண்ணம், அதாவது எண்ணே விலையையும் சொல்லிவிட வேண்டும் என்பது. விலைப்பகுதி சில ஆண்டுகளிலேயே பொய்த்துவிட்டது. நல்ல காசுகளின் விலை எந்தச் சூத்திரத்துக்கும் அடங்காமல் ஓடிவிட்டது. எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. செம்புக்கென்று வகுத்த அளவுகோலை 1970-களில் அமெரிக்க நாணயவியல் சங்கம் எல்லா உலோகங்களுக்கும் ஏற்றுக்கொண்டது.

அதே சங்கம் 1979 முதல் தரத்தையும் குறிப்பிட்டுப் புகைப்படச் சான்றிதழ் தந்து பார்த்தது. ஆனால் காசு ஒருவரிடமும் தாள் ஒருவரிடமும் பிரிந்து போகலாம், நல்ல காசின் சான்றிதழோடு மட்டமான காசை விற்கலாம் என்ற ஓட்டை அதில் இருந்தது. 1986-இல் வியாபாரிகள் சிலர் சேர்ந்து தொடங்கிய பி.சி.ஜி.எஸ். நிறுவனமும், அடுத்த ஆண்டு வந்த என்.ஜி.சி.யும் காசையும் சான்றையும் ஒரே ஒளிபுகு பிளாஸ்டிக் பேழைக்குள் வைத்து, உடைக்காமல் திறக்க முடியாதபடி மூடிவிட்டன. சேகரிப்பாளர்கள் அதை ஸ்லாப் என்கிறார்கள். பி.சி.ஜி.எஸ். முதலில் வெளியிட்ட பேழைகளில் காசு சற்றுத் தளர்வாக இருந்து, ஆட்டினால் கடகடவென்று சத்தம் போடும். அந்தக் கிலுகிலுப்பைப் பேழைகளுக்கே இன்று தனியாக ஒரு மோகம் இருக்கிறது.

மதிப்பீட்டாளர்கள் என்ன பார்க்கிறார்கள்? காசின் உரிமையாளர் யாரென்று தெரியாமல், ஒருவருக்கு மேற்பட்டோர் தனித்தனியே பார்த்து எண் சொல்கிறார்கள். புழங்கித் தேய்ந்த காசுக்கு 58-க்கு மேல் கிடைக்காது. 60 முதல் 70 வரையிலான பதினொரு படிகளும் புழக்கத்துக்கே போகாத காசுகளுக்கு உரியவை. இந்த உச்சிப் பகுதியில்தான் பணம் குவிந்திருக்கிறது. புழங்காத காசிலும் கீறல்கள் இருக்கும், ஏனென்றால் சவரன்கள் மூட்டை மூட்டையாகக் கட்டப்பட்டு வங்கிக்கு வங்கி பயணம் செய்தவை. தங்கம் மென்மையானதால் ஒன்றோடொன்று மோதி வடுப்பட்டவை. மன்னரின் கன்னத்தில் ஒரு வடு விழுந்தால் எண் குறையும். அதே வடு எழுத்துகளுக்கிடையே ஒளிந்திருந்தால் அவ்வளவாகக் குறையாது. செயின்ட் ஜார்ஜ் பக்கத்தில் குதிரையின் மார்பும் தொடையும் முதலில் தேய்கின்ற இடங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக அவர்கள் தேடுவது அச்சொளி. அச்சின் பேரழுத்தத்தில் உலோகம் விளிம்பை நோக்கி ஓடும்போது மேற்பரப்பில் உண்டாகும் நுண்ணிய வரிகளால், காசைச் சாய்த்தால் ஒளி வண்டிச்சக்கரத்தின் ஆரங்களைப் போலச் சுழன்றுவரும். மெருகு போட்டால் பளபளப்பு வரும், இந்த அச்சொளி போய்விடும், போனது திரும்பாது. என் பத்தர் அழித்தது இதைத்தான். நகையைப் புதிதாக்குவது அவர் தொழில். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வளையம் எடுத்த காசு, பூந்திக்கொட்டையும் பல்துலக்கியும் வைத்துத் தேய்த்த காசு, விளிம்பு ராவப்பட்ட காசு ஆகியவற்றுக்கு இந்நிறுவனங்கள் எண் தருவதில்லை. காசு உண்மையானது என்று உறுதி சொல்லி, ‘சுத்தம் செய்யப்பட்டது’, ‘நகையிலிருந்து எடுக்கப்பட்டது’ என்ற பொருள்படும் குறிப்பை எழுதிவிடுகின்றன. சாதாரண ஆண்டுக் காசுக்கு அந்தக் குறிப்பு விழுந்தால் விலை தங்க எடைக்கே இறங்கிவிடும். 1917 லண்டன் போன்ற அரிய காசுக்கு விழுந்தால் விலை குறையும், ஆனால் அழியாது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் காசுமாலைக்குள் போன சவரன்கள் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், பம்பாய்ச் சவரன்களில் வளையம் படாதவற்றைச் சேகரிப்பாளர்கள் ஏன் தேடுகிறார்கள் என்பது புரியும்.

எண்ணுக்கும் விலைக்கும் உள்ள உறவு நேர்கோடாக இருப்பதில்லை. அமெரிக்காவின் 20 டாலர் தங்க நாணயத்தை, சிற்பி அகஸ்டஸ் செயின்ட் கௌடன்ஸ் வடிவமைத்ததை, எடுத்துக்கொள்ளலாம். 1924-இல் பிலடெல்பியாவில் 43 லட்சத்துக்கும் மேல் அச்சான அந்த நாணயம், ஐரோப்பிய வங்கிகளின் பெட்டகங்களில் மூட்டையோடு தங்கிப் பிழைத்துவிட்டதால், 62, 63, 64 ஆகிய தரங்களில் ஏராளமாகக் கிடைக்கிறது. அந்தத் தரங்களுக்கிடையே விலை வேறுபாடு மிகச் சிறிது. தங்க விலையோடு ஒட்டியே நகரும். 65-ஐத் தாண்டி 66-க்கு வரும்போது வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். 67-இல் அது பன்மடங்காகும். 68 ஏலத்துக்கு வந்தால் செய்தியாகிவிடும். வெறுங்கண்ணுக்கு 66-க்கும் 67-க்கும் வேறுபாடு காண்பது எளிதன்று. இருந்தும் அந்த ஓர் எண்ணுக்காக ஒருவர் சிறிய கார் ஒன்றின் விலையைக்கூடக் கொடுக்கக்கூடும். காசு அரிதானதன்று, அந்த நிலையில்தான் அரிது. இந்த நிலையருமையை அளக்க முடிந்ததே சான்றளிப்பு வந்த பிறகுதான். எந்த ஆண்டுக் காசுக்கு எந்தத் தரத்தில் எத்தனை சான்றுகள் கொடுக்கப்பட்டன என்ற தொகைப்பட்டியலை நிறுவனங்கள் வெளியிடுகின்றன. ஏலம் கேட்பவர்கள் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்கிறார்கள்.

அந்தப் பட்டியலை அப்படியே நம்புவதும் தவறு. மேல் எண் கிடைக்கும் என்ற ஆசையில் ஒரே காசைப் பேழையிலிருந்து உடைத்தெடுத்துத் திரும்பத் திரும்ப அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பட்டியலில் ஒன்று கூடும். புதையல் வந்தாலும் கணக்கு கவிழும். 1857 செப்டம்பரில் சென்ட்ரல் அமெரிக்கா என்ற நீராவிக் கப்பல் புயலில் மூழ்கியது. 1988-இல் தொடங்கி அதிலிருந்து மீட்ட தங்கத்தில், 1857-இல் சான் பிரான்சிஸ்கோவில் அச்சான 20 டாலர் நாணயங்கள் மட்டும் 5,000-க்கு மேல் இருந்தன. கடல்நீர் தங்கத்தைத் தின்பதில்லை. பெரும்பாலானவை புத்தம்புதிதாக மேலே வந்தன. அதுவரை புழங்காத நிலையில் காண்பதற்கரியதாக இருந்த காசு அத்தோடு எளிதாகிவிட்டது. ஆனால் கப்பலின் பெயரைச் சான்றிலேயே பொறித்துத் தந்ததால் அந்தக் கதைக்கும் ஒரு விலை ஏறியது. சவரனிலும் இதுபோல் ஒன்று உண்டு. 1925 என்ற ஆண்டைத் தாங்கிய லண்டன் சவரன்களை 1949, 1951, 1952 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் அச்சடித்தார்கள். அதனால் அந்த ஆண்டுக் காசில் மிக உயர்ந்த எண் கிடைத்தாலும் அதற்காகப் பெரிதாக விலை கொடுக்கத் தேவையில்லை.

தரம் பின்னுக்குப் போய்விடும் இடமும் உண்டு. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் தங்க நாணயப் புழக்கத்தை நிறுத்திய 1933 ஆம் ஆண்டில் 4,45,500 எண்ணிக்கையில் அச்சாகி, வெளியிடப்படாமலேயே உருக்கப்பட்ட 20 டாலர் நாணயத்தில், ஒரு தனி மனிதர் சட்டப்படி வைத்திருக்கத்தக்க ஒன்றே ஒன்று 2002-இல் 75.9 லட்சம் டாலருக்கும், 2021-இல் 1.89 கோடி டாலருக்கும் ஏலம் போனது. அதன் தரம் 65. அது 64-ஆக இருந்திருந்தால் விலை பாதியாகியிருக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

எண்ணை எல்லாமாக நம்பியதன் விளைவையும் சந்தை ஒருமுறை பார்த்துவிட்டது. பேழையில் அடைத்த காசைப் பங்குபத்திரம்போல் பார்க்காமலே வாங்கலாம் என்ற எண்ணத்தில் 1980-களின் இறுதியில் முதலீட்டு நிறுவனங்களின் பணம் உள்ளே வந்தது. 1989-இல் விலைகள் உச்சிக்குச் சென்று பின்பு சரிந்தன. தரமதிப்பீடு முழுக்கப் புறநிலையானது, மாறாதது என்ற பொருளில் விளம்பரம் செய்ததற்காக 1990-இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் பி.சி.ஜி.எஸ். மீது வழக்குத் தொடுத்தது. நிறுவனம் உடன்பட்டு முடித்துக்கொண்டது. எண் என்பது தேர்ந்த கண்கள் சொல்லும் கருத்து. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தக் கண்கள் இளகவும் செய்யும். முன்பு 64 வாங்கிய காசு பின்னாளில் 65 வாங்குவதைப் பலரும் கண்டிருக்கிறார்கள். இதனால்தான் 2007-இல் சி.ஏ.சி. என்ற நிறுவனம் புறப்பட்டு, பிறர் சான்றளித்த அமெரிக்கக் காசுகளைப் பார்த்து, அந்த எண்ணுக்கு நன்றாகத் தகுதியானவற்றின் பேழையில் பச்சை நிற ஒட்டியையும், அந்த எண்ணுக்கும் மேலானவற்றில் தங்க நிற ஒட்டியையும் ஒட்டத் தொடங்கியது. சான்றுக்குச் சான்று! அந்தச் சிறு ஒட்டிக்கும் சந்தை தனியே விலை கொடுக்கிறது.

புதிதாக அச்சிட்டு நேரே பேழைக்குள் போகும் தங்கக் காசுகளில் 70-க்கும் 69-க்கும் வைக்கும் விலை வேறுபாட்டில் எனக்கு நம்பிக்கையில்லை. இன்றைய இயந்திரங்களில் 70 அரிதானதன்று. ‘முதல் அச்சு’ என்பதுபோல் சீட்டில் எழுதும் வாசகங்களும் காசில் எதையும் கூட்டுவதில்லை. அவற்றைத் தங்கமாக வாங்குங்கள், எண்ணுக்காக வாங்காதீர்கள் என்றே நண்பர்களிடம் சொல்வேன். பழங்காசிலும், தங்கத்தின் விலை ஏற ஏறச் சாதாரணத் தரங்களுக்குரிய கூடுதல் விலை சுருங்கிப் போகிறது. எடைக்கே அவ்வளவு கிடைக்கும்போது 62-க்கும் 63-க்கும் யாரும் பேரம் பேசுவதில்லை. சான்றுக்கான கட்டணம், போக்குவரத்து, காப்பீடு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் சாதாரண ஆண்டுச் சவரனுக்குச் சான்று வாங்குவது பெரும்பாலும் நட்டக்கணக்கு. போலி மலிந்த ஆண்டு, அரிய நாணயச்சாலை, அல்லது பார்த்தவுடனே திகைக்கவைக்கும் நிலை, இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால்தான் அது தாங்கும். வாங்குபவராக இருந்தால், பேழையே போலியாக வருகிறது என்பதால், சான்றெண்ணை நிறுவனத்தின் தளத்தில் இட்டு, அங்கே படம் இருந்தால் கையிலுள்ள காசோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

என் சிமிழ்க் காசை அனுப்பிப் பார்க்க எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு நிறைந்த நாணயமும் தொல்பொருளே. தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. 1918-இல் பிறந்த காசு அந்த வயதைக் கடந்துவிட்டது. அந்த நிறுவனங்கள் இருக்கும் கலிபோர்னியாவுக்கோ புளோரிடாவுக்கோ தபாலில் போடும் பேச்சுக்கே இடமில்லை என்று தெரிந்தபின், கந்தகம் கலவாத தாள் உறை ஒன்று வாங்கி, விளிம்பை மட்டும் தொட்டு அதற்குள் இட்டு வைத்தேன். பளபளப்பான காசுக்கு மீண்டும் ஒரு வளையம் வைத்து என் மகள் கழுத்தில் போட்டிருக்கிறாள்.